கியர்ப் பெட்டியை யார் திறப்பது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற மலைப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு, அவற்றுள் பாதியைக் கடந்த ஓரிடத்தில், எங்கள் குடும்பத்துக்கு நெடுங்காலம் உழைத்திருந்த அம்பாசடர் காரின் இரண்டாவது கியர் விழ மறுத்துவிட்டது. ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்த கைப்பிடி தன் கடைசி எல்லைவரை சென்று முட்டியதே தவிர, கியர் விழுந்த அடையாளமான அந்தச் சிறிய ‘டக்’ என்ற ஓசை வரவேயில்லை. முதல் கியரிலேயே முனகிக்கொண்டு மேலே போய், மறுநாள் அதே கியரில் ஊர்ந்து கீழே இறங்கி, நகரத்தில் ஒரு பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்த பட்டறைக்காரர், “பாக்ஸை இறக்கிப் பிரிச்சாத்தாங்க தெரியும், நாலு நாள் ஆகும்” என்று சொல்லி, என் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கை விழுங்கக்கூடிய ஒரு தொகையையும் சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த வீட்டில், முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, நின்ற வண்டியில் கியரைப் போட்டுப் பார்த்தார், அப்போதும் விழவில்லை. “எஞ்சின் நிக்கிறப்பவும் விழலீன்னா, கிளட்ச் மேல பழி இல்லீங்க தம்பி” என்றவர், சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டியின் பக்கத்திலுள்ள நெம்புகோலைக் கையாலேயே நேரடியாகத் தள்ளினார். இரண்டாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கைப்பிடிக்கும் பெட்டிக்கும் நடுவே செல்லும் கம்பியின் புஷ் தேய்ந்துபோய், கை தள்ளிய தூரத்தில் ஒரு பகுதி அந்தத் தேய்மானத்திலேயே கரைந்துவிட்டிருந்தது. மறுநாள் பிற்பகலில் அவரும் நானும் புதிய புஷ்ஷை மாட்டி முடித்தோம். பட்டறைக்காரர் என்னை வஞ்சிக்க நினைத்தார் என்று நான் அன்றும் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. பெட்டிகளைப் பிரித்துப் பிரித்தே பழகிய கைக்கு, எந்தக் கோளாறும் பெட்டிக்குள் இருப்பதாகவே தோன்றும்.

வண்டியின் கியர்ப் பெட்டியை நாமே பழுது பார்ப்பதா, தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதா என்ற கேள்வியை ஆராயப் புகும்போதெல்லாம் இந்தச் சம்பவம்தான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஏனெனில், நாங்கள் இருவரும் அன்று செய்த காரியத்தில் கைத்திறனுக்கு இருந்த பங்கு சொற்பம். கோளாறு எங்கே இருக்கிறது என்ற நிதானத்துக்கு இருந்த பங்கே பெரிது. ஸ்பானரை யார் பிடிப்பது என்பது பின்னால் தீர்மானிக்கவேண்டிய சங்கதி. அதற்கு முன்னதாக, இன்ன இடத்தில் இன்ன காரணத்தால் பழுது என்று அறிந்துகொள்ளும் முயற்சியை, வண்டியின் சொந்தக்காரன் எந்த நிலையிலும் பிறருக்குத் தத்தம் செய்துவிடலாகாது என்பதே என் அபிப்பிராயம்.

கியர்ப் பெட்டியின் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்ரோல் எஞ்சினோ டீசல் எஞ்சினோ, குறிப்பிட்ட ஒரு வேக வரம்புக்குள் சுழலும்போதுதான் தன் முழு வலிமையையும் தரவல்லது. சக்கரமோ நின்ற நிலையிலிருந்து நெடுஞ்சாலை வேகம்வரை எல்லா நிலைகளிலும் உருளவேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று, வேகத்தை விலையாகக் கொடுத்து விசையையும், விசையை விலையாகக் கொடுத்து வேகத்தையும் பெற்றுத் தருவதே பல்சக்கரங்களின் வேலை. பிரான்ஸில் லெவாஸோர் என்பவர் 1891-ஆம் ஆண்டையொட்டி மோட்டார் வண்டியில் அமைத்த நகரும் பல்சக்கர முறையில், சுழன்றுகொண்டிருக்கும் ஒரு சக்கரத்தின் பற்களை மற்றொன்றின் பற்களுக்குள் ஓட்டுநர் பலாத்காரமாகவே தள்ளவேண்டியிருந்தது. இரண்டின் வேகமும் ஒத்துவராதபோது எழுந்த அரைபடும் சப்தம் அக்காலத்து வீதிகளின் சாதாரண ஓசைகளில் ஒன்று. இந்தச் சிரமத்தை நீக்கியவர் அமெரிக்கரான ஏர்ல் தாம்ஸன். அவர் கண்ட சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு 1928-இல் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பித்தளைக் கலவையில் செய்த கூம்பு வடிவமான ஒரு வளையம், பற்கள் கூடுவதற்கு ஒரு க்ஷணம் முன்னதாகச் சக்கரத்தோடு உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தி, அதன் பிறகே வழிவிடுகிறது. அம்பாசடரின் பழைய நான்கு கியர்ப் பெட்டியில் முதல் கியருக்கு இந்த வளையம் கிடையாது. ஓடுகிற வண்டியில் முதல் கியருக்கு இறங்க விரும்பியவர்கள் ‘டபுள் கிளட்ச்’ என்னும் வித்தையைக் கற்றே தீரவேண்டியிருந்தது. அந்தத் தலைமுறை ஓட்டுநர்களுக்குப் பெட்டியின் உட்புறம் கண்ணால் காணாமலே தெரிந்திருந்ததற்கு இது ஒரு காரணம்.

வளையம் பித்தளைக் கலவையாக இருப்பதனால் எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை பிறக்கிறது. சந்தையில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரு தரங்களில் கியர் ஆயில் கிடைக்கிறது. எண் பெரிதாயிருப்பதைக் கண்டு, இரண்டாவதே உயர்ந்தது என்று நம்பி வாங்கி ஊற்றுவோர் அநேகர். கிரவுன், பினியன் போன்ற கடும் அழுத்தம் தாங்கும் பற்களுக்கென்று கந்தகமும் பாஸ்பரஸும் மிகுதியாகச் சேர்த்துத் தயாரிக்கப்படும் ஜிஎல்-5 எண்ணெய் பித்தளை வளையங்களை அரித்துவிடக்கூடும்; அரிக்காவிட்டாலும், வளையத்துக்கு வேண்டிய உராய்வைக் கொடாமல் வழுக்கிவிடும். தயாரிப்பாளரின் கைப்புத்தகம் கூறும் எண்ணெயே மருந்து, மற்றது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அபத்தியம். ஒரு சிறிய காரின் பெட்டிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று ஏறக்குறைய எண்ணெய் பிடிக்கும். அதை மாற்றும் வேலையை எவரும் வீட்டிலேயே செய்யலாம். அப்படிச் செய்கிறவர், எண்ணெய் வடிக்கும் கீழ்த் திருகைத் தொடுவதற்கு முன்பாக, எண்ணெய் ஊற்றும் மேல் திருகு கழலுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்ட பின்பு மேல் திருகு துருவேறி அசையாமற் போனால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இனி, நோயறியும் முறைக்கு வருவோம். இவ்விஷயத்தில் சற்று விரிவாகவே எழுத ஆசைப்படுகிறேன். பணமும் காலமும் அதிகம் விரயமாவது இங்கேதான். முதல் பரீட்சை, அந்தப் பெரியவர் செய்ததுதான். எஞ்சின் ஓடும்போது எல்லாக் கியர்களும் விழச் சிரமப்பட்டு, எஞ்சினை நிறுத்தியதும் எல்லாம் சுலபமாக விழுமானால், குற்றவாளி கிளட்சே. மிதியை அழுத்தியும் அது எஞ்சினைப் பெட்டியிலிருந்து முழுவதும் பிரித்துவிடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பாயின் காற்றுப் புகுந்திருக்கலாம். கிளட்சை நன்றாக மிதித்து மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டும் அரைபடும் சப்தம் வருமானால் இந்த முடிவு உறுதிப்படும். மாறாக, எஞ்சின் நின்ற பிறகும் விழாவிட்டால், கோளாறு கம்பிகளிலோ கேபிள்களிலோ, அல்லது பெட்டிக்கு உள்ளேயோ இருக்கவேண்டும். பெட்டியின் நெம்புகோலைக் கையால் அசைத்துப் பார்த்தால் அந்த ஐயமும் தீரும்.

ஒரே ஒரு கியர் மட்டும் மாற்றும்போது அரைபடுமானால், அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இது பெட்டியைத் திறந்தே தீரவேண்டிய வேலை. போட்ட கியர் தானாகவே வெளியே குதிக்குமானால் உடனே பெட்டியைக் குறை கூறுவதற்கில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகள் கிழிந்து, எஞ்சின் ஆடும்போது கம்பிகளும் சேர்ந்து இழுபடுவதாலும் அது நேரும். அப்படி இராவிட்டால்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் ஃபோர்க்கையும் சந்தேகிக்கவேண்டும். எஞ்சின் அலறுகிறது, எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் ஏறுகிறது, வண்டி மட்டும் முன்னேறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று சொல்ல மெக்கானிக் வேண்டியதில்லை. உயர்ந்த கியரில் மெதுவாகச் சென்று, ஒரு மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பார்த்தால் பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும்.

ஓசையும் ஒரு பாஷைதான். வண்டி நியூட்ரலில் நிற்கையில் ஒரு முனகல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது அடங்குமானால், பெட்டிக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங் பழுதாகியிருக்கக்கூடும். மிதிக்கும்போது மட்டும் ஓசை எழுந்து, காலை எடுத்ததும் மறையுமானால், அது ரிலீஸ் பேரிங். பெட்டியை இறக்கவேண்டியிருந்தாலும் பிரிக்கவேண்டியதில்லை. இந்த இரண்டு ஓசைகளுக்குமுள்ள பேதத்தை அறியாதவர், சில நூறு ரூபாயில் முடிகிற பொருளுக்காக முழுப் பெட்டியையும் பிரித்த கூலியைக் கொடுக்க நேரிடும்.

வடித்த எண்ணெயையும் வீணாகக் கருதிக் கொட்டிவிடாமல் வெயிலில் ஏந்திப் பார்க்கவேண்டும். கீழ்த் திருகிலுள்ள காந்தத்தில் மைபோன்ற மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயற்கை. அது வருஷங்களின் அடையாளம், நோயின் அடையாளமன்று. எண்ணெயில் பொன் துகள்போல மினுமினுப்புத் தோன்றினால் வளையங்கள் கரைகின்றன என்று பொருள். விரலுக்கு அகப்படும் அளவில் எஃகுச் செதிள்கள் வந்தாலோ, பல்லோ பேரிங்கோ உடையத் தொடங்கிவிட்டது. அதற்குமேல் அந்த வண்டியை ஓட்டுவது, நூறில் முடியக்கூடியதை ஆயிரத்துக்கு இழுப்பதாகும். பார்த்து முடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி உபயோகித்த எண்ணெய் அபாயகரமான கழிவாகும். அதை வாங்கிக்கொள்ளும் பட்டறைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

இதுவரை சொன்னவை அனைத்தும் பெட்டியை அசைக்காமலே செய்யக்கூடியவை. கேபிள், புஷ், மவுண்ட், எண்ணெய், வெளிப்புற ஆயில் சீல் ஆகியவற்றைப் பொறுமையுள்ள எவரும் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்பதில் எனக்குச் சந்தேகமேயில்லை. அடுத்த படி, பெட்டியைப் பிரிக்காமல் முழுவதாக இறக்கி, கிளட்சை மாற்றி, மறுபடி ஏற்றுவது. இங்கே அறிவைக் காட்டிலும் தேகபலமும் ஜாக்கிரதையும் முன்னுக்கு வருகின்றன. சிறிய காரின் பெட்டியே முப்பது, நாற்பது கிலோ இருக்கும். கனரக லாரியின் பெட்டி இருநூறு கிலோவையும் தாண்டும். பின்சக்கரத்தால் ஓடும் பழைய வண்டிகளில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பின்னோக்கி இழுத்தால் போதும். 1983-இல் மாருதி 800 வந்ததற்குப் பின் நம் நாட்டில் பெருகிய முன்சக்கர இயக்க வண்டிகளில், இரண்டு பக்கத்துச் சக்கரத் தண்டுகளையும் கழற்றி, எஞ்சின் கீழே விழாதபடி அதற்குத் தனியாக முட்டுக்கொடுத்த பிறகே பெட்டியைத் தொட முடியும்.

வண்டிக்கு அடியில் படுக்கிறவர் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கலாகாது. ஜாக்கி தூக்குவதற்காக ஏற்பட்ட கருவி, தாங்குவதற்காக ஏற்பட்டதன்று. அதன் எண்ணெய் சீல் கசிந்தால் அது முன்னறிவிப்பின்றி இறங்கிவிடும். செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுக்கும் வழக்கம் அதைவிடக் கொடியது. பாரம் ஒரு மூலையில் விழுந்த மாத்திரத்தில் செங்கல் பொடிந்துபோகும். இரும்பு ஸ்டாண்டுகள் நான்கும், சமதளமான சிமென்ட் தரையும், கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய ஒரு துணையும் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது என்று நான் கண்டிப்பாகவே சொல்வேன். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மார்பெலும்பைப் பணயம் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் கல்நார் கலந்திருந்த காலம் ஒன்று உண்டு. ஆகையால் உறைக்குள் படிந்த தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே உசிதம். ஏற்றும்போது பெட்டியின் பாரம் முழுவதும் இன்புட் ஷாஃப்ட்டின் வழியே கிளட்ச் பிளேட்டில் தொங்கும்படி ஒரு க்ஷணங்கூட விடக்கூடாது. தொங்கவிட்டால் புதிய பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து, வேலை முழுவதும் மறுபடி தொடங்கும். பழைய மேஸ்திரிகள் பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்கென்றே, கழித்துப்போட்ட ஓர் இன்புட் ஷாஃப்ட்டைப் பட்டறைச் சுவரில் தொங்கவிட்டு வைத்திருப்பார்கள்.

மூன்றாவது படி, பெட்டியையே திறப்பது. இதற்கு வேண்டிய கருவிகளின் பட்டியல்தான் முதலில் ஒருவரைத் தயங்க வைக்கும்: பேரிங்கை இழுக்கும் புல்லர், அதை அழுத்தி ஏற்றும் பிரஸ், சர்கிளிப்பைக் கழற்றும் குறடு, தண்டின் அசைவை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் டயல் கேஜ், போல்ட்டை இவ்வளவு விசைக்குத்தான் முறுக்கலாம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச். இவற்றை ஒரே ஒரு வேலைக்காக விலைகொடுத்து வாங்குகிறவர், அந்த வேலையைச் செய்விக்கும் கூலியைவிட அதிகமாகச் செலவழித்துவிடுவார். கருவிகள் இரவலாகக் கிடைத்தாலும், உறையைப் பிரித்தவுடன் உள்ளிருந்து தெறித்து ஓடும் சிறிய எஃகுக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும், ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாதபடி தடுக்கும் பூட்டு உறுப்பும், தாள் போன்ற மெல்லிய ஷிம் வளையங்களும் எந்த வரிசையில் எந்தத் திசை நோக்கி இருந்தன என்பதை நினைவில் நிறுத்துவது சாமானியமான காரியமன்று. ஷிம்மின் கனம் சற்றே மாறினால் பேரிங் இறுகிச் சூடேறும், அல்லது தளர்ந்து முனகும். அந்தத் தவறு பெட்டியை மூடி, ஏற்றி, எண்ணெய் ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகே வெளிப்படும் என்பதுதான் இதன் கொடுமை. பிரேக்கில் செய்த தவறு தெருமுனையிலேயே தெரிந்துவிடுகிறது. பெட்டியில் செய்த தவறோ நாம் அதை மறந்த பின் வந்து நிற்கிறது.

ஆயினும், சொந்தக் கையால் எவரும் பெட்டியைத் திறக்கவே கூடாது என்று சட்டம் விதிக்க எனக்கு மனம் வரவில்லை. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு, ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே யந்திர வித்தையைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, அதிலிருந்து பெரியதொரு போக்குவரத்து ஸ்தாபனத்தையே அவர் வளர்த்ததற்குப் பின்னால் அந்தப் பிரித்துப் பார்க்கும் தைரியம் இருந்தது. எனவே, கற்கும் ஆசையோடு திறப்பவரை நான் தடுக்கமாட்டேன். மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு அதே வண்டியில் போகவேண்டியவர் திறப்பதைத்தான் தடுப்பேன். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் உதவாத பெட்டி ஒன்றை வாங்கி, ஒவ்வோர் உறுப்பையும் கழற்றும்போதே படம் பிடித்து, காகிதத்தில் வரிசையாகப் பரப்பி, மூன்று தரம் பிரித்துப் பூட்டிப் பழகியவர் தம் சொந்த வண்டியின் பெட்டியைத் தொடுவதில் பிசகொன்றுமில்லை. ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருஷம் நடப்பதன் காரணத்தையும் அப்போது அவர் உணர்ந்துகொள்வார்.

மேலே சொன்னதெல்லாம் கையால் மாற்றும் கியருக்கே பொருந்தும். தானியங்கிப் பெட்டியின் விஷயம் முற்றிலும் வேறு. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-இல் கப்பல்களை உத்தேசித்துக் காப்புரிமை பெற்ற, திரவத்தின் சுழற்சியாலேயே விசையைக் கடத்தும் உபாயத்திலிருந்து வளர்ந்த இந்த இனம், 1940-ஆம் வருஷ மாடலான ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ரமாட்டிக் என்னும் பெயரோடு பெருமளவில் விற்பனைக்கு வந்தது. இதன் உள்ளே எண்ணெய் வெறும் மசகாக இருப்பதில்லை. கட்டளையைச் சுமப்பதும், பிடிகளை அழுத்துவதும், உஷ்ணத்தை வெளியேற்றுவதும் அதுவே. அந்த எண்ணெயின் உராய்வுத் தன்மை எவ்வளவு நுட்பமானதென்றால், 1970-களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் அதற்காக ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்து வந்தார்கள். திமிங்கில வேட்டை தடுக்கப்பட்டபோது, அதற்கு ஈடான பொருளைக் கண்டுபிடிக்க ரசாயன நிபுணர்கள் மிகவும் பிரயாசைப்பட வேண்டியிருந்தது. சில தானியங்கிப் பெட்டிகளில் எண்ணெயின் அளவைப் பார்ப்பதுகூட, அதன் உஷ்ணம் 35 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் சில நிமிஷங்களில்தான் சாத்தியம். மயிரிழை போன்ற கால்வாய்கள் நிறைந்த வால்வ் பாடியில் ஒரு துணிநூல் அகப்பட்டாலும் கியர் மாறுவது தடுமாறிப்போகும். புழுதி பறக்கும் வாசலில், வேப்பமரத்து நிழலில் இதைத் திறப்பது, அறுவைச் சிகிச்சையைச் சந்தையில் செய்வதற்குச் சமானம்.

டச்சுக்காரரான வான் டோர்ன் 1958-இல் டாஃப் காரில் கொண்டுவந்த பெல்ட் முறையின் சந்ததியான சிவிடியும், 2003-இல் வோல்க்ஸ்வாகன் விற்பனைக்குக் கொண்டுவந்த இரட்டைக் கிளட்ச் பெட்டியும் இவ்வகையைச் சேர்ந்தவையே. 2014-இல் மாருதி செலெரியோ மூலம் நம் நாட்டில் பரவிய ஏஎம்டி சற்று விலகி நிற்கிறது. அதன் உள்ளே இருப்பது பழைய கைக்கியர்ப் பெட்டிதான், அதன்மேல் கிளட்சையும் கியரையும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதிலாக இயக்கும் கருவி ஒன்று அமர்ந்திருக்கிறது. ஆனாலும் அதில் கிளட்சை மாற்றிய பிறகு, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்பிக்கவேண்டும். அதற்குரிய ஸ்கேனர் இல்லாதவர் ஸ்பானர் வேலையை எவ்வளவு செம்மையாக முடித்தாலும் வண்டி நகராது. தானியங்கி வண்டி வைத்திருப்பவர் தம் கையால் செய்யத்தக்கது, கோளாறின் குறியீட்டு எண்ணைப் படித்துக்கொள்வதும், குறித்த காலத்தில் குறித்த எண்ணெயே மாற்றப்படுகிறதா என்று கவனிப்பதும்தான்.

தொழில் தெரிந்தவரிடம் போவது என்று தீர்மானித்த பின்பும், யாரிடம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம், எல்லா வேலையும் செய்யும் தெருக்கோடிப் பட்டறை, கியர்ப் பெட்டி வேலையை மட்டுமே செய்கிற தனிப் பட்டறை என மூன்று வகை நம் ஊர்களில் உண்டு. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் வண்டிக்கு முதல் வகையைத் தவிர வேறு வழியில்லை. நாமே திறந்தால் அந்த உரிமையை இழந்துவிடுவோம். அக்காலம் கடந்த பின்னும் உதிரி உறுப்புகளும், ஸ்கேனர்களும், தொழில்நுட்பக் கைப்புத்தகங்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமற் போனதனால் வாகனச் சொந்தக்காரர்கள் கட்டுண்டு கிடந்தார்கள். இந்தியப் போட்டி ஆணையம் இதை விசாரித்து, 2014 ஆகஸ்டில் 14 கார் உற்பத்தியாளர்கள்மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குச் சென்றது என்றாலும், பழுது பார்க்கும் அறிவை ஒரு சிலர் பூட்டிவைப்பது நியாயமன்று என்ற கொள்கை இந்த நாட்டில் பகிரங்கமாக உச்சரிக்கப்பட்டதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். தெருக்கோடி மெக்கானிக்கின் கைக்குப் புத்தகம் எட்டாதபடி செய்துவிட்டு, பிறகு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஏளனம் செய்வது கொடுமை.

மூன்று வகையிலும், பெட்டி ஒன்றையே நாள்தோறும் கையாளும் தனிப் பட்டறைக்காரரையே நான் விரும்புவேன். சர்வீஸ் நிலையங்கள் பெரும்பாலும் உட்புறத்தைச் செப்பனிடுவதை விட்டு, முழுப் பெட்டியையே மாற்றச் சொல்லுகின்றன. தனிப் பட்டறைக்காரரோ எந்தப் பல் தேய்ந்தது, எந்த வளையம் இன்னும் ஓடும் என்று விரல் நுனியால் சொல்லவல்லவர். அவரிடம் வண்டியை விடும்போது, “எதனால் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால், அவர் தரும் பதிலிலேயே அவருடைய தகுதி விளங்கிவிடும். ஓட்டிப் பார்க்காமலும் எண்ணெயைப் பார்க்காமலும் விலை சொல்பவரை விட்டு விலகிவிடலாம். பெட்டியைத் திறந்தபின் நம்மைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்றும், கழித்த உறுப்புகளை நம்மிடமே திருப்பித் தரவேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பில் வாங்குவதில் கூச்சம் கூடாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை நாடவேண்டிய சந்தர்ப்பம் வந்தால், அந்தத் துண்டுக் காகிதமே நமக்குச் சாட்சி.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பெட்டிகள் முழுவதாகவே கிடைக்கின்றன. பல்லை மாற்றிச் செப்பனிடும் செலவு இதன் விலையை நெருங்கும்போது இதுவும் ஒரு வழியே. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவாவதுபோல் பெட்டியின் எண் பதிவாவதில்லை. ஆகையால் அது எந்த வண்டியில் எவ்வளவு ஓடியது என்பதைக் கடைக்காரரின் வாய்மொழியைத் தவிர வேறெதுவும் சொல்லாது. வாங்குகிறவர் தண்டைக் கையால் சுழற்றி, எல்லாக் கியரிலும் போட்டு, எண்ணெயை வடித்துப் பார்த்தே வாங்கவேண்டும். லாரிக்காரர்களின் கணக்கு வேறு. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு லாரி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகிறது, தவணை மட்டும் நிற்பதில்லை. ஆகையால் பிரித்துச் செப்பனிட ஐந்து நாள் ஆகுமென்றால், விலை கூடினாலும் தயாராக இருக்கும் பெட்டியை ஒரே நாளில் மாற்றிக்கொண்டு, பழையதைப் பிறகு சாவகாசமாகச் செப்பனிட்டு வைப்பதையே அவர்கள் விரும்புகிறார்கள். அவர்களுடைய நிலைமையில் அது விவேகமான முடிவு.

இவ்வளவும் படித்த பிறகு ஒருவர் துணிந்து தம் பெட்டியைத் திறந்து, பாதி வழியில் திகைத்து நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இது அடிக்கடி நடப்பதுதான். அவர் செய்யக்கூடிய பெரும் பிழை, மிஞ்சிப்போன ஒரு வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெட்டியை எப்படியாவது மூடிவிடுவதே. அவ்வாறு செய்யாமல், உறுப்புகளைக் கழற்றிய வரிசைப்படியே கம்பியில் கோத்து, ஷிம்களையும் குண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் தனித்தனிச் சிறு பைகளில் இட்டு, எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றின்மேலும் எழுதி, உறையோடு சேர்த்து ஒரு சாக்கில் கட்டி, தனிப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்ப் பரப்பி, நடந்ததை மறைக்காமல் சொல்லவேண்டும். பிறர் கலைத்த பெட்டியைத் தொட விரும்பாத மேஸ்திரிகள் சிலர் உண்டு. கூலியும் சற்று அதிகமாகவே கேட்பார்கள், அதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவதே மரியாதை. உறுப்புகள் ஒழுங்காக வந்திருந்தால் பெரும்பாலோர் சம்மதித்துவிடுவார்கள். அவர் பூட்டுகிறபோது, அனுமதி கேட்டுப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தம் கை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் அவருடைய கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.